திகதி போடாத நாற்பத்தொன்று

என் மனைவி ஷெரோமி என்னை விட்டுப் போன அன்று, அவளுடைய சாமான்களை இறக்க லிப்டை ஒழுங்குபண்ணிக் கொடுத்தவன் நான்தான். சிரிக்க வேண்டுமானால் சிரியுங்கள். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் சாமான் ஏற்றி இறக்குவதென்றால் முதல்நாளே செக்கியூரிட்டியிடம் சொல்லிவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை என்னுடைய லிஸ்டில், நாளைய வேலைகளின் கீழ், "14 சனி, 10 மணி. சாமான் ஏத்த வான் வரும். கொட்டாஞ்சேனைக்கு போறேன்" என்று ஷெரோமி எழுதிய வரி வந்திருந்தது. பழைய அல்மாரியைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறாளாக்கும் என்று நினைத்து, செக்கியூரிட்டிக்கு ஃபோன் எடுத்து லிப்டுக்குச் சொன்னேன். சனிக்கிழமை காலை அந்த வரிக்கு 'முடிந்தது' என்று அடையாளமும் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தால் அல்மாரி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஷெரோமி இல்லை.

என்னுடைய லிஸ்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்ன நடந்ததென்று உங்களுக்குப் பிடிபடாது. அது ஒரு வெறும் டெக்ஸ்ட் ஃபைல். படம் இல்லை, நிறம் இல்லை. ஒரு வேலைக்கு ஒரு வரி, பக்கத்தில் ஒரு திகதி, முடிந்தால் ஒரு அடையாளம், அவ்வளவுதான். அதை வாசித்து, முடியாத வேலைகளை மட்டும் எடுத்து, காலை ஆறு மணிக்கு என் திரையில் திகதிப்படி அடுக்கித் தருவதற்கு நானே கொம்பியூட்டரில் கட்டளைகள் எழுதி வைத்திருக்கிறேன். நான் பார்ப்பது அந்தக் காலைத் திரையைத்தான். ஃபைலைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஒருகொடவத்தை கொண்டெய்னர் யாட்டில் பதினொரு வருடமாக நான் பிளானர், எந்தப் பெட்டி எந்த நாள் எங்கே போகும் என்று திட்டம் போடுகிறவன். அங்கே திகதி இல்லாத பெட்டி கடைசி வரிசைக்குப் போகும், யாரும் அதைத் தேட மாட்டார்கள். வீட்டையும் அப்படித்தான் நடத்தலாமென்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்யாணம் முடித்த புதிதில், நான் வேலை முடிந்து வந்ததும் ஷெரோமி வாசலில் வைத்தே தொடங்குவாள். பைப், காஸ், மாமியின் மருந்து. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "வாயால சொல்லாதயும், எனக்கு மறந்துபோம். லிஸ்டில போடும், ஒண்டும் விடாமப் பாப்பன்" என்றேன். அவளுடைய ஃபோனிலிருந்தும் அந்த ஃபைலில் எழுத வழி செய்து கொடுத்தேன். அவள் எழுதுவாள், ஆனால் திகதி போட மாட்டாள். உங்களுக்கு வசதியான நாள் நீங்களே பார்த்துப் போடுங்கள் என்று விடுவாள். திகதி இல்லாதவை திரையின் அடியில் வரும். நான் நாள் பார்த்துப் போடுவேன். நாலு வருடம் அது நன்றாகத்தான் ஓடியது.

அவள் போனபின் ஃபோன் எடுத்தேன். "நான் எல்லாம் எழுதினேனே, ஜனா. நீங்க பாத்தீங்க தானே" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "என்னத்த எழுதினீர்? ஒரு வருசமா நீர் ஒண்டுமே எழுதேல்லையே!" என்று கத்தினேன். "பொய் சொல்லாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுத்தால் அவளுடைய அம்மா, மேபல் மாமிதான் பேசினார். அடுத்த மாதக் கடைசியில் மெல்பேர்னில் இருக்கும் அண்ணன் ஷெல்டனிடம் போகப் போகிறாளாம். விசா வந்துவிட்டதாம். அதற்குள் அவளை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை. எப்படிக் கூட்டிவருவது என்றுதான் தெரியவில்லை.

அவள் போன ஐந்தாவது கிழமை, ஞாயிறு காலை, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கொம்பியூட்டரைத் திறந்தேன். முடியாத வேலைகள் மொத்தம் எத்தனை என்று காலைத் திரையின் மேலே ஒரு எண் வந்தால் நல்லது என்று பட்டது. அதற்குக் கட்டளை எழுதினேன். ஐம்பத்தொன்பது என்றது. திரையில் இருந்தவை பதினேழு.

யாட்டில் எண்ணிக்கை பிசகினால் நான் சாப்பாட்டுக்குக்கூட எழும்ப மாட்டேன். வெற்று வரிகளை எண்ணுகிறதோ என்று பார்த்தேன், இல்லை. ஃபோனும் கொம்பியூட்டரும் ஒன்றுக்கொன்று அனுப்பும்போது ஒரே வரி இரண்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. தமிழ் எழுத்தில் ஏதும் குழப்பமோ என்று சோதித்தேன். எல்லாம் சரி. நாற்பத்திரண்டு வரிகள் எங்கே போயின? கடைசியில் நான் முன்பு எழுதிய கட்டளைகளை மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. திகதி இல்லாத எதையும் காட்டாதே என்று ஒரு வரி. நான் எழுதியது. போன வருடம் நவம்பரில்.

ஏன் எழுதினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன வருடம் ஒக்டோபர் ஒன்பதாம் திகதி, ஐந்தாம் மாதத்தில், எங்கள் பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போனது. அதற்கு முன்பு நான் சந்தோஷத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். "குழந்தையின் அறைக்கு மஞ்சள் பெயின்ற்." என் வாழ்க்கையிலேயே திகதி போடாமல் நான் எழுதிய ஒரே வேலை அது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வரி ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குத் திரையின் அடியில் வந்து நின்றது. பார்க்க முடியவில்லை. அழிக்கலாமென்றால் கை வரவில்லை. மூன்று கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு அந்த ஒரு வரியை மறைக்க இந்தக் கட்டளையைப் போட்டேன். அது திகதி இல்லாத எல்லாவற்றையும் மறைக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஷெரோமியிடமும் சொல்லவில்லை.

கட்டளையை எடுத்துவிட்டுத் திரும்ப ஓடவிட்டேன். முதலில் என்னுடைய மஞ்சள் பெயின்ற். அதற்குக் கீழே நாற்பத்தொரு வரிகள், எல்லாம் ஷெரோமி எழுதியவை. பாத்ரூம் பைப் சொட்டுது, நாள் நீங்க போடுங்க. அந்த அறைய பூட்டியே வைக்க ஏலாது, ஒரு நாள் ரெண்டு பேரும் திறந்து கூட்டுவோம். டொக்டர் திரும்ப வரச் சொன்னாங்க, தனியா போக பயமா இருக்கு. பேபிக்கு சர்ச்சில ஒரு பூசை ஒப்புக்குடுக்கணும், நாள் நீங்க சொல்லுங்க. அதற்குப் பிறகு, "ஜனா, நீங்க என்னோட கோவமா?"

ஐயோ, அவள் என்னை எத்தனை தடவை கேட்டிருப்பாள். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல், "லிஸ்ட் பாத்தீங்களா?" என்பாள். "ஓம், பாத்தனான்" என்பேன். "எல்லாம்?" என்பாள். "எல்லாந்தான். ஒண்டும் மிச்சமில்லை" என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். நான் அவள் தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாடும் இல்லை. லெப்டொப்பை அள்ளிக்கொண்டு கோல் ரோட்டில் பஸ் பிடித்துக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இதைக் காட்டினால் போதும், வந்துவிடுவாள் என்றுதான் வழி நெடுகவும் எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன். பிழை எங்கே என்று கண்டுபிடித்தாகிவிட்டது. கண்டுபிடித்தால் திருத்தலாம். பதினொரு வருடமாக நான் பார்க்கும் வேலை அதுதானே.

கதவைத் திறந்தது மேபல் மாமி. "வாங்க மகன்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஷெரோமி தலை முழுகி, துவாயால் கூந்தலைக் கட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள்.

"லெப்டொப்போட வந்திருக்கீங்க" என்றாள்.

"ஒண்டு காட்டோணும். ஒரே ஒரு வரி."

மாமி தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். நான் லெப்டொப்பை ஸ்டூலில் வைத்துத் திறந்தேன். "நீர் எழுதினது ஒண்டையும் நான் பாக்கேல்லை, ஷெரோ. சத்தியமாப் பாக்கேல்லை. இந்த வரிதான் எல்லாத்தையும் மறைச்சு வச்சிருந்தது" என்று சொல்லி, அதைப் போட்டால் என்ன வரும், எடுத்தால் என்ன வரும் என்று இரண்டு தரம் செய்து காட்டினேன்.

அவள் என்னுடைய கட்டளையைப் பார்க்கவில்லை. முதலில் வந்த மஞ்சள் பெயின்ற் வரியைத்தான் பார்த்தாள். "இதுக்காகவா மறைச்சீங்க?"

"ஓம். பாக்கேலாமக் கிடந்தது. அழிக்கவும் மனம் வரேல்லை."

"என்ட ஃபோன்ல இது மறையேல்ல, ஜனா" என்றாள். "ஒவ்வொரு நாளும் இதத் தாண்டித்தான் என்ட வரிய எழுதினேன். நீங்களும் இதப் பாக்கிறீங்க, பாத்துட்டு ஒண்டுமே ஆகாத மாதிரி சேட் போட்டுட்டு வேலைக்குப் போறீங்க எண்டு நெனச்சேன்."

அவள் ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பைப்" என்று வாசித்தாள். "பைப் செய்யிற பாஸ் ஒராள பிடிச்சு நானே செய்தேன்." முடிந்தது என்று அடையாளம் போட்டாள். "டொக்டர். அம்மாவோட போனேன்." அதற்கும் போட்டாள். "அறை. நீங்க வேலைக்குப் போன நேரம் தனியா கூட்டினேன்." அந்த அறை அன்றிலிருந்து திறக்கவே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். "பூசை. வருசம் முடிஞ்ச நாள், இந்த ஒன்பதாம் திகதி குடுத்தாச்சு. அம்மாவும் நானும் மட்டுந்தான்."

"அண்டைக்கு நான் லீவு போட்டிட்டு வீட்ட இருந்தனான்" என்றேன். "எங்க போறதெண்டு தெரியாம இருந்தனான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்டைக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே, ஜனா" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள். ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் அவளே செய்திருந்தாள், அல்லது நாள் கடந்து தேவையில்லாமல் போயிருந்தது. "நீங்க என்னோட கோவமா?" என்ற வரி வந்ததும் கையை எடுத்தாள்.

"இல்லை" என்றேன். "ஒருநாளும் இல்லை, ஷெரோ. என்ர அம்மாவாணை இல்லை."

"சரி" என்று அடையாளம் போட்டாள்.

கடைசி வரி ஓகஸ்டில் எழுதியது. அதை அவள் வாசிக்கவில்லை. லெப்டொப்பை என் பக்கம் திருப்பி, "இது மட்டும் என்னால தனியா செய்ய ஏலாமப் போச்சு" என்றாள். "ரெண்டு பேரும் சேந்து ஒருக்கா அழணும்" என்று இருந்தது.

நான் ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டிலும் அழவில்லை. ஆம்பிளை தைரியமாக இருந்தால்தான் அவள் தாங்குவாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாயை இறுக்கிக்கொண்டு திரிந்தவன். அந்த ஸ்டூலுக்கு முன்னால் குந்தியிருந்து ஓவென்று அழுதேன். ஷெரோமி என் தலையைத் தன் மடியில் அமத்திக்கொண்டு அழுதாள். துவாய் அவிழ்ந்து ஈரக் கூந்தல் என் கழுத்தில் விழுந்தது. மாமி தேத்தண்ணியோடு வாசலுக்கு வந்து, அப்படியே திரும்பிப் போனது தெரிந்தது. எவ்வளவு நேரமென்று தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நேரம் பார்க்கவில்லை.

"வீட்ட வாரும், ஷெரோ" என்றேன். "இனி லிஸ்டும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். வாயாலயே சொல்லும். நான் கேப்பன்."

அவள் முகத்தைத் துடைத்தாள். "உங்கள்ல இனி எனக்குக் கோவம் இல்ல" என்றாள். "ஆனா அந்த வீட்டில நான் பதினொரு மாசம் தனியா இருந்திட்டேன், ஜனா. உங்களுக்குப் பக்கத்தில படுத்துக்கொண்டே தனியா இருந்தேன். திரும்ப அங்க வர எனக்கு ஏலாது. ஷெல்டன் அண்ணாட்ட போறேன்."

அவள் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். கடைசி வரிக்கும் முடிந்தது என்று அடையாளம் போட்டாள். மேலே மஞ்சள் பெயின்ற் மட்டும் மிச்சம் நின்றது. அதைத் தொடவில்லை. "இது நீங்க எழுதினது" என்று சொல்லி மூடியை மெதுவாகச் சாத்தி என்னிடம் தந்தாள். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன், இல்லாவிட்டால் மாமி மனவருத்தப்படுவார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அந்த அறையைத் திறந்தேன். ஒரு வருடமாக நான் கை வைக்காத கதவு. நிலம் துடைத்து, ஜன்னல் கம்பி எல்லாம் கழுவிச் சுத்தமாக இருந்தது. போன வருடம் நான் வாங்கிவந்த பெயின்ற் டின் மூலையில் இருந்தது. அதன் மூடியில்கூடத் தூசி இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு லிஸ்ட் வந்தது. யாட் வேலைகள் பதினேழு, எல்லாவற்றுக்கும் திகதி இருந்தது. அடியில் திகதி இல்லாதது ஒன்று. நான் அதை அழிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. இப்போது ஒவ்வொரு நாளும் அது அங்கேதான் வருகிறது. சேட் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் இருந்து அழுதுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.