கண் பரீட்சையில் நூற்றுக்கு நூறு

கண் பரிசோதனையும் ஒரு பரீட்சைதான் என்பது தலைமையாசிரியையின் கட்சி. போன வருடம் பக்கத்துப் பள்ளியில் மூன்றில் ஒரு பிள்ளைக்குக் கிட்டப்பார்வை என்று கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மானக்கேடு தன் பள்ளிக்கு வரக்கூடாது. எழுத்து அட்டையின் நகலை எப்படியோ வாங்கி, மூன்று நாள் எல்லோரையும் உருப்போட வைத்தார். யார் வாயசைக்காமல் ஏமாற்றுகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

கண் டாக்டர் வந்தார். முதல் நாற்பது பிள்ளைகளும் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார்கள். கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள்கூடத் தடுமாறவில்லை. டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்த பெண் வருவதற்குள் அட்டையைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்.

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்து, ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

"இப்ப என்ன சொல்றீங்க மேடம்?" என்றார் டாக்டர்.

தலைமையாசிரியைக்குப் பெருமை பிடிபடவில்லை. "அட்டையே இல்லாம படிக்கிறா டாக்டர். இதுக்கு மேல என்ன கண்ணு வேணும்?"