குணமான இடுப்பு

மைசூர் சந்தைப்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருக்கும் குருபசப்பாவுக்கு இடுப்பு வலி போய் வெகு நாளாகிவிட்டது. இது அவருடைய தம்பி நிங்கராஜுவுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

முன்பு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. செருப்பு மாட்டிவிடக்கூட மனைவி கங்கம்மா வரவேண்டும். இடது கால் மரத்துப்போகும். குனிந்தால் நிமிர முடியாது. அப்போதுதான் நிங்கராஜு, "நீ கல்லாவுல உக்காருண்ணா, மூட்டைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, அண்ணன் பங்குச் சுமையையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான்.

வைத்தியர் சொன்னாரே என்று, பூங்காவில் ஆண்களுக்கு நடக்கும் யோகா வகுப்பில் வேண்டா வெறுப்பாகச் சேர்ந்தார் குருபசப்பா. விடாமல் போனதற்குப் பலன் இருந்தது. முதலில் தூக்கம் நன்றாக வந்தது. தொந்தி கரைந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது, காலில் உணர்வு திரும்பியது. சம்மணம் போட்டு உட்கார்ந்து ராகிக் களி சாப்பிட முடிந்தது. ஆனால் கடைக்குள் கால் வைத்ததும் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். கல்லா மெத்தை சுகமாக இருந்தது, வேறு காரணமே கிடையாது. நிங்கராஜுவே இடுப்பு வலிக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு மூட்டை தூக்க ஆரம்பித்த பிறகு, சொல்லும் தைரியமும் போயிற்று.

"பார்க்குல பாம்பா வளையுறீங்க, கடைக்குப் போனா மட்டும் மரக்கட்டையா?" என்று கங்கம்மா குத்திக்காட்டினாள்.

ஒருநாள் காலையில் சரக்கு லாரி முன்னதாகவே வந்துவிட, கிடங்குச் சாவி வாங்க நிங்கராஜு பூங்காவுக்கே வந்துவிட்டான். குருபசப்பா கையையும் காலையும் ஊன்றி, வயிறு வானம் பார்க்க சக்கராசனத்தில் இருந்தார். தம்பியைத் தலைகீழாகக் கண்டதும் பொத்தென்று விழுந்தார். நாலு பேர் முன்னால் காறித் துப்புவான் என்றே நினைத்தார். துப்பினால் தேவலை என்றும் இருந்தது.

நிங்கராஜுவோ கண்கலங்கச் சிரித்தான். அண்ணனுக்கு இடுப்பு சரியானால் நஞ்சன்கூடு கோயிலைச் சுற்றி உருள்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறானாம். வருகிற திங்கட்கிழமையே போய்விட வேண்டும் என்றான். நானே உருள்கிறேன் என்று குருபசப்பா கெஞ்சிப் பார்த்தார். வேண்டுதலில் ஆள் மாற்ற முடியாது என்றுவிட்டான் தம்பி.

திங்கட்கிழமை கோயிலடியில் ஓடும் கபிலா ஆற்றில் முழுகி ஈர வேட்டியோடு வந்தவன், பெல்ட்டைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தான். அதற்கு மேல் குருபசப்பாவால் தாங்க முடியவில்லை.

"நிங்கா, எனக்கு தீபாவளிக்கு முன்னாடியே சரியாயிடுச்சுடா. மூட்டை தூக்க சோம்பேறித்தனப்பட்டுதான் சொல்லல."

நிங்கராஜுவுக்குக் கோபமா இல்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"அப்போ இத்தனை நாளா சாமிய காக்க வச்சுட்டேனேண்ணா" என்று சொல்லிவிட்டு, கல் தரையில் படுத்துக் கைகளைத் தலைக்கு மேல் கூப்பினான்.

முதல் புரளலிலேயே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்தான். உருள்பவரைக் கூட வந்தவர்கள் புரட்டிவிடுவது வழக்கம். குருபசப்பா பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தம்பியின் விலாவில் கைகொடுத்துப் புரட்டினார். பிராகாரம் முழுக்கக் குனிந்தபடியே வந்தார். அவருக்கு எங்கேயும் வலிக்கவில்லை.