காலி நாற்காலிக்கு ஒரு ஜெபம்

"அரசியல் நமக்கு எதுக்குங்க டீச்சர்? நம்ம ஊரு மேல, பரலோகத்துல இருக்கு."

"இருக்கட்டும் சார். இப்போதைக்கு முன்னால இருக்கிற பள்ளத்தைப் பாருங்க."

கல்யாணத்துக்கு முன்னால் பயிற்சிக் காருக்குள் நடந்த பேச்சு இது. ஸ்டியரிங் அவர் கையில். இரண்டாவது பிரேக் அவள் காலடியில். அவர் சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர், அவள் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை. லைசென்ஸ் வாங்கித் தந்தவளையே அவர் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் பிறந்த பிறகும் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த டீச்சர்தான் இப்போது வார்டு இடைத்தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாள். பழைய கவுன்சிலர் உடம்பு முடியாமல் பதவியை விட்டுவிட்டார். பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போடச் சொல்லி நகராட்சிக்கு நடையாய் நடந்தவள் என்பதால், தெருக்காரர்கள் "நீங்களே நில்லுங்களேன்" என்று பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் சொன்னபோது போதகர் தடுக்கவில்லை. "உன் இஷ்டம்" என்றார். அதற்குப் பதில் இரண்டு சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் புது வேலைக்குப் போனாலும் போதகர் முன்னால் அழைத்து, தலையில் கை வைத்து ஜெபிப்பார். போன வாரம் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்த பெண்ணுக்கும், லாரி ஓட்டப் போகிறவனுக்கும் ஜெபித்தார். அந்த லாரிக்காரனுக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். கண்ணை மூடாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் சறுக்கினார். ஆளுகிறவர்களுக்காக வாராவாரம் ஜெபிப்பவர், பழக்க தோஷத்தில், "எங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஞானத்தைத் தாரும்" என்று சொல்லிவிட்டார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் வாசலிலேயே மடக்கினார்.

"ஐயா, காலி நாற்காலிக்கு எதுக்கு ஞானம்? வீட்டம்மாவுக்கு இடம் போட்டு வைக்கிறீங்களோ?"

போதகர் முகம் சுண்டிப்போனது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பாத்திரம் கழுவ, அவர் துடைத்து அடுக்கினார்.

"என்னால உங்களுக்குத் தலைகுனிவு" என்றாள்.

"தலைகுனிவா? தெருவுல உன் நோட்டீஸ் பிஞ்சு தொங்கினா, வாக்கிங் போறப்ப ஒட்டிட்டு வர்றது யாருன்னு நெனச்சே?"

அவள் குழாயை மூடினாள். "நீங்களா? அப்புறம் ஏன் 'உன் இஷ்டம்'னு கழட்டி விட்டீங்க?"

"பயம்தான் டீச்சர். சபையில எல்லாக் கட்சிக்காரனும் உக்காந்திருக்கான். நான் வாயத் தொறந்தா ஓட்டுக் கேட்ட மாதிரி ஆயிடும். அதுகூடப் பெரிசில்ல. அரசியலுக்குப் போனவங்க எத்தன பேரு போன மாதிரியே திரும்பி வந்திருக்காங்க?"

"அந்தப் பயம் எனக்கு இல்லைன்னு நெனச்சீங்களா?"

அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"நாற்காலியில இருந்தவருக்கு வாராவாரம் ஜெபிச்சீங்க. அவரும் கட்சிக்காரர்தான். உக்காந்தப்புறம் ஜெபிக்கலாம், உக்காரப் போறப்போ மட்டும் கூடாதா?"

போதகர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நாமினேஷன் கொடுத்த நாளிலிருந்து கேட்க நினைத்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, அடுத்த வாரம் என்னையும் முன்னால கூப்பிடுங்க. எல்லாருக்கும் எதிர்ல என் தலையில கை வெச்சு ஜெபம் பண்ணுங்க. ஜெயிக்கணும்னு கேக்க வேணாம். ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் பொய் பேசாம வீட்டுக்குத் திரும்பணும்னு மட்டும் கேளுங்க."