துப்பாக்கிப் பெட்டி

அமெரிக்காவில் ஒரு கவுண்டிச் சிறை, அதாவது மாவட்டச் சிறை. அதன் உள்கதவைத் திறக்கும் பொத்தான் காவலர் வெர்னாவிடம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தேர்தலில் ஜெயித்து நேற்றுதான் மாவட்டக் காவல் தலைவராகப் பதவியேற்ற புது ஷெரிஃப் ஹாலிஸ். அவருக்குப் பின்னால் டி.வி.காரர்கள்.

"துப்பாக்கியப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு வாங்க ஐயா. கைதிங்க இருக்கிற இடத்துக்கு யாருமே அதோட போகக் கூடாது."

"நான் யாருன்னு தெரியுதாம்மா?"

"தெரியாமயா? தேர்தல் முடிஞ்சும் ஊரெல்லாம் உங்க மூஞ்சிதானே ஒட்டியிருக்கு."

கேமராக்காரன் சிரித்துவிட்டான். ஷெரிஃபுக்கு முகம் சிவந்தது. "உன் சட்டையில இருக்கிற பேட்ஜ் நான் போட்ட பிச்சை. கதவைத் திற!"

நேற்று வந்தவன் போட்ட பிச்சையாம்! வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேட்ஜைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழிருந்த சந்து வழியாக அவரிடம் தள்ளினாள்.

"உங்க துப்பாக்கியோட இதையும் வச்சுப் பூட்டுங்க. அப்புறம்தான் கதவு திறக்கும்."