கேட்டில் படுத்த புகை

சித்திரை பதினொன்றாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு, வேப்பூர் ரோட்டில் இருக்கும் குருமூர்த்தியின் தயிர்க் கம்பெனியில், ஜெனரேட்டர் புகை மேலே போவதை நிறுத்திக்கொண்டது. குழாயிலிருந்து இறங்கி, கேட்டுக்குக் குறுக்கே எருமைபோலப் படுத்தது. அன்று விருத்தாசலத்தில் வெயில் நூற்று நான்கு. டீசல் ஊற்ற ஊற்றப் புகை பெருத்தது. ஆட்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். பால் வண்டி போக முடியவில்லை, முட்டினால் பின்னுக்குத் தள்ளியது. பூசணிக்காய் உடைத்தார்கள். அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் புகை மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

குளிரறையைப் பார்த்துக்கொள்ளும் மோகனப்பிரியா ஒன்றைக் கவனித்தாள். குளிரறைக் கதவு சாத்தியிருந்தால் புகை இளைத்தது. லோடு ஏற்றுகிறவர்கள் காற்று வாங்கக் கதவைத் திறந்துவைத்தால் ஜெனரேட்டர் முக்கியது, புகை பெருத்தது. தயிருக்கு நாலு டிகிரி போதும். ஆனால் பல் கூசினால்தான் சனங்கள் புதுத் தயிர் என்று நம்புவார்கள் என்பது குருமூர்த்தியின் கணிப்பு. அதனால் பத்து வருடமாகக் குளிரறைக் குமிழ் ஒன்றிலேயே இருந்தது. அவள் கதவைச் சாத்தினாள், குமிழை நாலுக்குத் திருப்பினாள்.

"யாரக் கேட்டுத் திருப்புன?"

"கேட்டுல படுத்திருக்குதே, அதக் கேட்டுத்தாங்க சார்."

லோடுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். குருமூர்த்தி குமிழைப் பழையபடி ஒன்றில் வைத்தார். "நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

"வருவேங்க."

வந்தாள், வழக்கமான பஸ்ஸில். செராமிக் சூளையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளிடம் கேட்டு, சூளைச் சுவருக்குள் வைக்கும் தீப்பிடிக்காத பஞ்சில் மிஞ்சியதை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். வாட்ச்மேன் மறித்தார். புகை காலை மடக்கி அவளுக்கு வழி விட்டது. நேரே மாடிக்கு ஏறி, வெயிலில் உறை உதிர்ந்து கிடந்த குளிர்க் குழாய்க்குப் பஞ்சைச் சுற்றி, மேலே ரெக்சின் வைத்துக் கட்டினாள்.

"சூளப் பஞ்ச ஏசிக்குச் சுத்துறியே, மூள கொழம்பிடுச்சா?" என்று கீழேயிருந்து கத்தினார் குருமூர்த்தி.

"உள்ள இருக்கற சூட்ட வெளிய வுடாதது, வெளிய இருக்கறத உள்ள வுடுமாங்க சார்?"

இறங்கிவந்து நாலில் வைத்தாள். குமிழைக் கழற்றித் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பதினொன்றிலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை. "தயிரு புளிச்சா நீதான் குடிக்கணும்" என்றார் குருமூர்த்தி. ஆனால் கேட்டில் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஜெனரேட்டரைப் போடச் சொல்லாமல் விட்டார். கரண்ட் வந்தபோதும் குளிரறையின் டிகிரி முள் ஐந்தைத் தொடவில்லை. புகை கன்றுக்குட்டி அளவுக்கு வற்றியிருந்தது. சாயங்காலம் பால் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. ஜெனரேட்டர் எப்போதாவது ஓடுகிறது. புகை பூனை அளவில் கேட்டோரம் படுத்திருக்கிறது. டிரைவர்கள் ஹாரன் அடித்தால் நகர்ந்து கொடுக்கும். மாசிமகத்துக்கு ஆர்டர் குவியும்போதெல்லாம் குருமூர்த்தி, "இந்த ஒரு வாரம் மட்டும் ஒன்னுல வெச்சா என்னாம்மா?" என்பார். புகை தலையைத் தூக்கிப் பார்க்கும். மோகனப்பிரியா முடிச்சை அவிழ்ப்பதில்லை.

"நாலுதாங்க சார்."

புகை மறுபடியும் படுத்துக்கொள்ளும்.