கோல் எட்டிய ஆழம்

ஈரத்துணியை முறுக்கி ஜன்னல் இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தாள் மகள். எத்தனை திணித்து என்ன? புகை கதவடியில் வந்தது, சாவித் துவாரத்தில்கூட வந்தது. ஊருக்குக் கிழக்கே சதுப்பு நிலம் மூன்று வாரமாக எரிகிறது. தீ கண்ணுக்குத் தெரிந்தால் அணைத்துத் தொலைக்கலாமே! அது மண்ணுக்கு அடியில் கனன்றுகொண்டிருந்தது. மேலே நின்றால் செருப்பு சுடும், அவ்வளவுதான்.

கட்டிலில் அப்பா ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். மண் ஆய்வகத்தில் முப்பது வருஷம் அளவுகளைச் சரிபார்த்தவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அங்கே அவருக்கு ‘அரைமில்லி’ என்றே பெயர். அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை. கடைக்காரர் தராசைக் கொஞ்சம் ஆட்டினால் போதும், “யார் வீட்டுக்கு நிறுக்கறீங்கன்னு தெரியுமில்ல?” என்பாள்.

காலையில் வந்த டாக்டர், இன்னும் மூன்று நான்கு நாள் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். அன்று சனிக்கிழமை. சதுப்பின் வடக்குப் பாதியிலும் கால்வாய் வெட்ட உத்தரவு திங்கட்கிழமை கையெழுத்தாகப் போகிறது. மகள் சரியாகச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகிறது என்றால் அதற்குக் காரணம் அப்பாவின் நோய் மட்டுமில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் அந்தச் சதுப்பை அளந்தவள் அவள்தான். அப்பாவின் ஆய்வகத்திலேயே முதல் வேலை. செத்த செடிகொடிகள் மக்கிப்போகாமல் ஆயிரக்கணக்கான வருஷமாகத் தண்ணீருக்குள் படிந்து கிடந்த இடம் அது. அவற்றின் கார்பன் முழுவதும் அந்தக் கறுப்பு மண்ணில் பத்திரமாக இருந்தது. அந்த மண்ணின் ஆழம் இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி.

அளக்கும் கோல் ஒரு மீட்டர் துண்டுகளாக வரும். ஒன்றோடு ஒன்றைத் திருகிச் சேர்க்க வேண்டும். ஐந்து துண்டு கொடுத்தார்கள். முழங்கால் சேற்றில் ஐந்தையும் யார் சுமப்பது? இரண்டை மட்டும் எடுத்துப்போனாள். கோல் முழுசாக உள்ளே இறங்கியது, அடியில் எதிலும் முட்டவில்லை. சரி, மீதித் துண்டுகளோடு இன்னொரு நாள் வரலாம் என்று ‘இரண்டு மீட்டர்’ என எழுதினாள். அடுத்த குழிக்கும் இரண்டு. முப்பத்தாறு குழிக்கும் இரண்டு. அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

அப்பா சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை நம்பித்தான் தெற்குப் பாதியை வெட்டித் தண்ணீரை வடித்துத் தோட்டம் போட்டார்கள். காற்றுப்பட்ட மண் தீயில்லாமலே கரைந்து காற்றோடு போனது. வருஷத்துக்கு இரண்டு விரல் தரை இறங்கியது. போதாததற்கு மழையும் இரண்டு வருஷமாக ஏமாற்ற, வெயில் முன்னெப்போதும் இல்லாதபடி கொளுத்த, காய்ந்த மண் பற்றிக்கொண்டது.

அம்மா சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, மகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சதுப்பு ஆழம்...”

“ரெண்டு துண்டுதான் கொண்டுபோன,” என்றார் அப்பா.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“முப்பத்தாறு குழியிலயும் ஒரே ஆழம். எந்தச் சதுப்புடி தட்டு மாதிரி இருக்கும்? பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏம்ப்பா கையெழுத்துப் போட்டீங்க?”

இருமல் வந்தது. அடங்க வெகுநேரம் ஆனது.

“உனக்கு முதல் வேலை. நீயே வந்து சொல்லுவ, திரும்பிப் போய் அளப்பன்னு நினைச்சேன்.”

“நான் நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன்.”

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் ஏழு வருஷம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

“அதே தாளை வச்சு வடக்குப் பாதியையும் வெட்டப் போறாங்கப்பா. திங்கக்கிழமைக்குள்ள நான் சொல்லியாகணும்.”

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “சொல்லு. சொல்லத்தான் வேணும். ஆனா நான் இருக்கறப்போ வேண்டாம்டி. என் காதுல விழவேண்டாம்.”

அவள் தலையாட்டினாள். சனி, ஞாயிறு, திங்கள். மனசு தன்பாட்டுக்கு எண்ணியது. அதற்குள் போய்விட்டால் தேவலை என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம் நினைத்துவிட்டாள். சீ, நானும் ஒரு பெண்ணா என்று உடம்பு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா போய்விட்டார். டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே. மகள் அழவில்லை. அழத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. மூன்றரைக்கு ஆய்வகத் தலைவர் மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்தார். அம்மாவிடம் கைகூப்பினார்.

“அவரை மாதிரி ஒரு ஆள் இனி எங்க கிடைப்பாரும்மா? அவர் கை பட்ட தாளைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையசைத்தாள்.

தலைவர் மகள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “வடக்குப் பாதி உத்தரவு இருக்கில்ல, நாளைக்கு நான் வெளியூர். இங்கிருந்து நேரா போய் இன்னைக்கே கையெழுத்தைப் போட்டுடறேன். மெஷின்காரங்க வேற காத்துக்கிட்டிருக்காங்க.”

அவர் செருப்பை மாட்டக் குனிந்தார்.

“சார், போடாதீங்க,” என்றாள் மகள். “அந்த அளவு தப்பு.”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“என்னம்மா சொல்ற?”

“ரெண்டு மீட்டர்ங்கறது கோலோட நீளம். கோல் அடியில முட்டவே இல்லை. நான்தான் அப்படி எழுதினேன்.”

தலைவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். அவர் பார்வை தரையில் கிடந்தவரிடம் போனது. “அவர் சரிபார்த்தாரே? அவருக்குத் தெரியாதா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் செய்தவளுக்கு, மகள் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அம்மா எழுந்தாள். மெல்ல நடந்து போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் அவருடைய காதுகளைப் பொத்தினாள்.

“ம், சொல்லு,” என்றாள்.