ஆறாவது டாங்கியில் மஞ்சள்

டாங்கிக்குள் காற்றை அடைத்து, கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆயிரம் லிட்டர் பிடிக்கும் எஃகு டாங்கிகள், அமோனியாக் கரைசலும் ஆசிட்டும் ஏற்றிக்கொண்டு சாலையில் போகிறவை. இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். தேறினால் டாங்கியின் தகட்டில் மாதத்தையும் வருடத்தையும் சுத்தியால் அடித்துப் பதிப்போம். பக்கத்தில் சோதித்தவரின் எழுத்து ஒன்று. என் எழுத்து பி. எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவள் என் மனைவி ஷர்மினி. அவளுடையது எஸ்.

அவள் இரண்டரை வருடத்துக்கு முன் ஏப்ரலில் டெங்கியில் இறந்தாள். மே மாதம் இந்த டாங்கி யார்டின் முதலாளி அஸ்ஃபியா அக்கா என்னைக் கூப்பிட்டார். நானும் ஷர்மினியும் ஈப்போவில் ஒரே கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும். நான் வந்தேன்.

யார்டு ஈப்போவை ஒட்டிய லகாட்டுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தின் பால் ஸ்டோர் இருந்த இடத்தில் இருக்கிறது. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. ஸ்டோரின் தகரக் கூரை மட்டும் மிச்சம்.

ஷர்மினி சோதித்த டாங்கிகள் அன்று முதல் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தேறியவற்றில் அவள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்தை அடித்தேன். அவை லோரி ஏறிப் போயின. தேறாத டாங்கிக்குத் தகட்டை அறுத்துவிட வேண்டும். அவள் டாங்கிகளில் இதுவரை எதுவும் தேறாமல் போகவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆறு டாங்கிகள் வந்தன. ஆறாவது, அவள் சோதித்தவற்றில் கடைசி. மூடியை இறுக்கிக் காற்றடைத்தேன். சோப்பு நுரையைத் தூரிகையால் எல்லா இடத்திலும் தடவினேன். குமிழ் வரவில்லை. அழுத்தமானியின் முள்ளும் அசையவில்லை. எழுத்தை அடித்தேன்.

மறுநாள் லோரிக்காரர் பத்துமலை அண்ணன் ஆறையும் கொண்டுபோய் அமோனியா நிரப்பி வந்தார். பாகான் செராய்க்கு அந்தப் பக்கம் ரப்பர் பால் பதப்படுத்தும் ஆலை, கிலாங் ஒன்றுக்குப் போக வேண்டிய சரக்கு. விடிந்து புறப்படுவதாகப் பேச்சு. மாலையில் லோரியைத் தகரக் கூரைக்கு அடியில் விட்டுப் பூஜைக்கு ஏற்பாடு செய்தார்.

பூஜை சாமான் வாங்குவது வருடா வருடம் அஸ்ஃபியா அக்கா. அவர் குடும்பத்துக்கு ஈப்போவில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பொரி, வாழைப்பழம், எலுமிச்சம்பழத்தோடு ஒரு பெரிய பொட்டலம் மஞ்சள் தூளும் கொண்டு வந்தார். பத்துமலை அண்ணன் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, இது பூசைக்கா, மீன் கறிக்கா?"

"மஞ்ச மஞ்ச தானே லா. கடையில இருந்து அள்ளிட்டு வந்தேன்."

"குங்குமம் எங்க?"

"நீ சொல்லவே இல்லியே."

"பூசைக்குக் குங்குமம் வேணும்னு சொல்லணுமா? ரொட்டி சானாய்க்கு மாவு வேணும்னு நான் வந்து உங்களுக்குச் சொல்றனா?"

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன எப்பவோ நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். இருக்குறத வெச்சு முடி."

பத்துமலை அண்ணன் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து லோரிக்கும் காற்றடைக்கும் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தார். ஒவ்வொரு டாங்கிக்கும் தகட்டின் மேல் ஓரத்தில் ஒன்று. நான் வெளியே நின்றேன். ஷர்மினி போனதிலிருந்து எனக்குப் பண்டிகை கிடையாது.

காலையில் நான் போனபோது அவர் லோரியின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பவி, நேத்து அப்புறமா யாராச்சும் குங்குமம் கொண்டு வந்தாங்களா?"

"இல்லண்ணே."

"அப்ப இத யாரு வெச்சது? அம்மனே வந்துட்டுப் போயிட்டாளா?"

ஐந்து பொட்டுகள் மஞ்சளாக இருந்தன. ஆறாவது செங்கல் நிறத்தில் இருந்தது.

அமோனியா பட்டால் மஞ்சள் சிவக்கும். முதலாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் செய்திருக்கிறோம். வாடை பிடித்துக் கண்டுபிடித்திருக்கலாம்தான். ஆனால் இந்த யார்டில் அந்த வாடை எப்போதும் உண்டு. எங்கள் மூக்குகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தகட்டைத் தாங்கும் சட்டம் டாங்கியின் உடம்போடு சேர்த்து வெல்டு செய்யப்பட்டது. தூரிகை அதைச் சுற்றிப் போகும், பின்னால் போகாது. வெடிப்பு அங்கே இருக்க வேண்டும். நிரப்பிய பாரத்தோடு சாலையில் குலுங்கி வந்ததில் திறந்திருக்கலாம்.

லோரியை வெளியே எடுக்கச் சொன்னேன். முகமூடி போட்டுக்கொண்டு, காற்று வரும் பக்கம் நின்று, ஆறாவதின் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி அழுத்தத்தை விட்டேன். பிறகு அக்காவுக்கு போன் செய்தேன்.

அவர் காரை விட்டு இறங்கி வந்து பார்த்தபோது பொட்டு மறுபடி மஞ்சளாகியிருந்தது. அழுத்தம் போனால் கசிவும் நிற்கும். அமோனியா பறந்துவிட்டால் மஞ்சள் பழையபடி ஆகிவிடும்.

"எங்க லா செவப்பு?"

"காலையில செவப்பா தான் இருந்துச்சு அக்கா," என்றார் பத்துமலை அண்ணன். தகட்டின் அருகே குனிந்து பார்த்தார். "இல்ல, என் கண்ணு தானோ என்னமோ. நேத்து பூசை முடிஞ்சு கொஞ்சம் போட்டிருந்தேன்."

"கிலாங்ல ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. அமோனியா போகலன்னா அவங்க பாலெல்லாம் உறைஞ்சிரும். பவி, நீ டெஸ்ட் பண்ணி முடிச்சது தானே? தேறுச்சு தானே?"

"தேறுச்சு அக்கா."

"அப்புறம் என்ன?"

"நான் ஓட்டிருவேன் அக்கா," என்றார் பத்துமலை அண்ணன். "இங்க தானே இருக்கு பாகான் செராய்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்தால் போதும். டாங்கி போய்விடும். இரண்டு எழுத்துகளும் ஒரே தகட்டில் போகும்.

ஆறாவது டாங்கி, ஓட்டுநர் அறைக்கு நேர் பின்னால் ஏற்றியிருந்தது. பத்துமலை அண்ணன் வழியில் லோரியை ஓரங்கட்டி, ஏர்கோனைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் தூங்குவார். எப்போதும் அப்படித்தான். ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்.

"மஞ்சள் மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன்.

மூடியை இறுக்கினேன். வெயில் ஏறி, சூட்டில் உள்ளே அழுத்தம் கூடும்வரை காத்திருந்தோம். அக்கா போனை எடுக்காமல் அடிக்கவிட்டார். பிறகு மஞ்சளைக் குழைத்து, சட்டம் டாங்கியோடு சேரும் ஓரம் முழுக்கத் தடவினேன். ஐந்தாவதிலும் அதே இடத்தில் தடவினேன், ஒப்பிட்டுப் பார்க்க.

ஐந்தாவது அப்படியே இருந்தது. ஆறாவதில் கீழ் மூலையில் ஒரு கோடு சிவந்தது. பிறகு அது அகன்றது.

அக்கா கிட்டே வந்து தகட்டைப் படித்தார்.

"இது ஷர்மினி அடிச்சதுல்ல?"

"ஆமா அக்கா."

"அவளோடது வேற இருக்கா?"

"இல்ல. இதான் கடைசி."

அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "பத்துமல, இத இறக்கிட்டு அஞ்ச மட்டும் கொண்டு போ. கிலாங்குக்கு நான் பேசிக்கிறேன். திட்டுனா திட்டட்டும்."

ஆறாவதில் இருந்ததை வேறு டாங்கிக்கு மாற்றிக் கழுவி முடிக்கப் பிற்பகலாயிற்று. சட்டத்தை அறுத்தேன். பின்னால் வெடிப்பு இருந்தது, நகக்கீறல் அளவு. வெல்டு செய்து, திரும்பச் சோதித்து, புதுத் தகடு வைக்கலாம். பழைய தகட்டை இரண்டாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் யாராவது வேறு டாங்கியில் பொருத்திவிடுவார்கள். டாங்கி எண்ணின் நடுவே கிரைண்டரை வைத்தேன்.

அப்போது பத்துமலை அண்ணன் திரும்பி வந்தார். கையில் பாகான் செராயில் வாங்கிய குங்குமப் பொட்டலம். கீழே கிடந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பார்த்தார்.

"எத வெக்கறது?"

"ரெண்டையும் இரும்புத் தொட்டியில போடுங்கண்ணே."

ஒன்றைப் போட்டார். மற்றதைப் போடவில்லை.

"இதுல அவங்க எழுத்து இருக்கு."

"தெரியும்."

"நான் வெச்சுக்கிறேன் லா. லோரியில கிடக்கட்டும்."

துண்டை வாங்கிப் பார்த்தேன். எண்ணில் பாதிதான் இருந்தது. யாரும் எதிலும் பொருத்த முடியாது.

"வெச்சுக்கங்க," என்றேன்.

அவர் லோரியில் ஏறி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. பையிலிருந்து சூயிங்கம்மை எடுத்து மென்று, பின்னால் ஒட்டி நிறுத்தினார்.

நான் கிரைண்டரின் ஒயரைச் சுருட்டினேன்.